கேட்டுப் பெற்ற படிப்பு

மாடி அறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பனிக்காலக் கம்பளிகளை மடித்து உள்ளே தள்ள இடம் தேடுவது நியூ ஜெர்சியில் ஏப்ரல் தோறும் வரும் வேலை. பழைய வரிக்கணக்குக் கோப்புகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் நிற லீகல் பேட் கிடந்தது. நீளத் தாள், நீலக் கோடுகள், இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. இந்த ஊர் வக்கீல்கள் கையில் எப்போதும் இருக்குமே, அதுதான். முதல் பக்கத்தில் என் மகளின் கையெழுத்தில் கட்டம் கட்டமாக ஒரு கணக்கு. கல்லூரிகளின் பெயர்கள் ஒரு வரிசையில்; அடுத்ததில் படிப்புக் கட்டணம்; அதற்கடுத்து வாடகையும் சாப்பாடும்; பிறகு அவர்கள் தருவதாகச் சொன்ன உதவித்தொகை; கடைசியில் அவள் வாங்க வேண்டியிருக்கும் கடன். அந்தக் கடைசி வரிசையில் மட்டும் சில எண்களை அடித்துவிட்டுச் சின்ன எண்களாகத் திருத்தியிருந்தாள்.

கம்பளிகளை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அந்தத் திருத்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கடிதம் இருந்தது, அல்லது மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பேசிய ஒரு தொலைபேசி அழைப்பு இருந்தது. அவள் இன்று செய்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தது அந்தத் திருத்தங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டம் வாங்கிச் சில வருஷம் வேலையும் பார்த்த பிறகுதான் அவள் சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள். இங்கே சட்டம் என்பது பட்டப்படிப்புக்கு மேல் மூன்றாண்டுப் படிப்பு. அதில் சேர எல்சாட் என்ற தேர்வு, 1948இலிருந்து நடப்பது. 120இல் தொடங்கி 180இல் முடியும் மதிப்பெண். சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. வாசித்துப் புரிந்துகொள்வதும் தர்க்கமும்தான். அப்போது அதில் புதிர்ப் பகுதி ஒன்று இருந்தது. ஏழு பேர் வரிசையாக உட்கார வேண்டும். முதலாமவர் மூன்றாமவருக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஐந்தாமவர் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டாமவர் ஓரத்தில் உட்காரமாட்டார். அப்படியானால் நடு நாற்காலியில் யார் யார் உட்காரலாம்? காகிதத்தில் படம் போட்டுப் போட்டு அவளுக்குக் கை வலித்தது. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் பல்லாங்குழிச் சோழிகளை எடுத்து மேசைமேல் பரப்பினாள்.

“அம்மா, இது பெரிய மாமா. இது அத்தை. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரமாட்டாங்க. இது தாத்தா. அவர் எப்பவும் ஓரத்து நாற்காலிதான். இப்ப நீ நகர்த்து.”

நான் நகர்த்துவேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விதிகளைச் சொல்லுவாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சொந்தபந்தம் அத்தனையும் அந்த மேசையில் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தது. இப்போது அந்தப் பகுதியே தேர்வில் இல்லை. படம் வரைந்து போட வேண்டிய புதிர் பார்வையற்றவர்களுக்கு அநீதி என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2019இல் அது சமரசத்தில் முடிந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து புதிர்களை எடுத்துவிட்டார்கள். ஒரு மாணவர் எழுந்து நின்று கேட்டதால் தேர்வே மாறியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள் போயின. இங்கே எல்லாருக்கும் ஒரே நாளில் முடிவு சொல்லும் வழக்கம் பெரும்பாலான சட்டக் கல்லூரிகளில் இல்லை. வர வரப் படிப்பார்கள். படிக்கப் படிக்க முடிவு சொல்வார்கள். டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மார்ச் கடைசியில் ஒன்று என்று வந்துகொண்டேயிருக்கும். சேர்த்தோம் என்பார்கள், இல்லை என்பார்கள், காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம் என்பார்கள். மூன்றாவதுதான் மனத்தை மிகவும் அலைக்கழிக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் “இன்னும் உங்கள் கல்லூரிதான் எனக்கு வேண்டும்” என்று கடிதம் எழுதிவிட்டுக் கோடைக்காலம் வரை காத்திருப்பார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் வாரம் அழைப்பு வந்து, ஊர் மாறிப் போன பிள்ளைகளும் உண்டு.

முதல் நல்ல செய்தி சமையலறைக்குத்தான் வந்தது. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்தில் அவள் கையைக் காட்டி அடுப்பை அணைக்கச் சொன்னாள். ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவு டீனே அழைத்திருந்தார். அவள் எழுதியிருந்த தன்விவரக் கட்டுரையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துச் சொல்லி, அதைப் படித்ததும் பிடித்துப்போயிற்று என்றாராம். போனை வைத்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெருங்காய வாசம் வீடெங்கும் நிறைந்திருந்தது. இன்றைக்கும் தாளிக்கிறபோது அந்தச் சாயங்காலம் கண்முன் வந்துவிடும்.

என் அண்ணனுக்குச் சென்னைச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளும் அப்போது நினைவுக்கு வந்தது. மாயவரத்தில் அப்பா பள்ளி ஆசிரியர். தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்துவிட்டு, உள்ளே வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய, கோபுரங்கள் வைத்த சிவப்புக் கட்டடம். 1891இல் தொடங்கிய கல்லூரி. இப்போது அங்கே வகுப்புகள் நடப்பதில்லை. 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். அரசுக் கல்லூரி என்பதால் படிப்புக் கட்டணம் பெரிய தொகை இல்லை. விடுதி, சாப்பாடு, தடித் தடியான சட்டப் புத்தகங்கள், கறுப்புக் கோட்டு, மாசத்துக்கு ஒருமுறை ரயில் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அப்பாவின் சம்பளத்தில் பாதி போய்விடும்.

அம்மா ஒன்றும் பேசாமல் கையில் கிடந்த வளையல்களைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். அப்பா மணிக்கூண்டுப் பக்கம் இருந்த அடகுக் கடைக்குப் போய்வந்தார். அந்தச் சீட்டு இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்து வெகுகாலம் இருந்தது. ஏழை மாணவர்களுக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று அப்போது ஊரில் இருந்தது. போய்க் கேளுங்கள் சார், உங்களுக்கு இல்லை என்பார்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியும் அப்பா போகவில்லை. கத்தரிக்காய்க்குக் கூடைக்காரம்மாவிடம் அரைமணி நேரம் பேரம் பேசுகிற மனிதர் படிப்பு விஷயத்தில் வாயைத் திறக்கமாட்டார். “படிப்புக்காகக் கை நீட்டினா அந்தப் படிப்புக்கு மரியாதை இல்லை” என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு தர்குட் மார்ஷலின் வாழ்க்கையைப் படித்தேன். பால்டிமோரில் பிறந்தவர். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி அவர் ஊரிலேயே இருந்தது. ஆனால் கறுப்பின மாணவர்களை அது சேர்க்கவில்லை. அதனால் தினமும் ரயிலேறி வாஷிங்டனில் இருந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார். கட்டணம் கட்டுவதற்காகப் பள்ளி ஆசிரியையான அவருடைய தாய் தன் கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தாராம். அதைப் படித்த அன்றைக்கே மாயவரத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “அங்கேயும் அம்மாங்க அப்படித்தானா?” என்று கேட்டார். மார்ஷல் 1933இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். அதே மேரிலாண்ட் கல்லூரிக்கு எதிராக வேறொரு கறுப்பின மாணவருக்காக வாதாடி, 1936இல் அந்த மாநில உயர் நீதிமன்றத்தில் வென்று, கதவைத் திறக்கவைத்தார். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். அந்தக் கல்லூரியின் நூலகத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

சேர்க்கைக் கடிதங்களுக்குப் பின்னால் பணக் கடிதங்கள் வரத் தொடங்கின. மகள் மஞ்சள் தாளை எடுத்தது அப்போதுதான். தனியார் சட்டக் கல்லூரி ஒன்றின் மூன்றாண்டுச் செலவை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் இந்த வீட்டை வாங்கக் கொடுத்த விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சிலர் பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை தருவதாக எழுதியிருந்தார்கள். சிலர் கால் பங்கு. சிலர் வாழ்த்து மட்டும் எழுதியிருந்தார்கள்.

“இதைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம்மா. எல்லாரும் கேக்கறாங்க” என்றாள் மகள். அவள் பழைய கல்லூரியில், சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். முதல் கடிதத்தில் வரும் தொகையை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதே, மரியாதையாக மறுபரிசீலனை கேள் என்று சொல்லியிருந்தார்.

என் கணவர் கார் வாங்கப் போனால் விற்பனையாளரே களைத்துப்போவார். விலையைக் கேட்டு எழுந்து வாசல்வரை வந்து, திரும்பக் கூப்பிடவைத்து, மறுபடி உட்கார்ந்து பேசுகிறவர். அவரே அன்றைக்குத் தயங்கினார். “இடம் கொடுத்ததே பெரிசு. பணத்தைப் பத்திப் பேசினா, இவளுக்கு நம்ம கல்லூரி மேல ஆசையில்லைன்னு நினைச்சுடுவாங்களோ? கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிட்டா?” நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் சந்திக்கிற நம் ஊர்ப் பெற்றோர்களில் பலர், வந்த தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டு மிச்சத்துக்குக் கடன் வாங்கியவர்கள்தான்.

மகள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள். கல்லூரிகளுக்குத் தரவரிசை முக்கியம். சேர்ந்த மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எல்சாட் மதிப்பெண் என்ன என்பது அந்தத் தரவரிசையில் எண்ணப்படுகிறது. ஆகவே அந்த நடுமதிப்பெண்ணுக்கு மேலே இருக்கும் மாணவர் ஒருவர் வேறு கல்லூரிக்குப் போய்விடக் கூடாது என்று நினைப்பார்கள். தகுதிக்கான உதவித்தொகை என்று சொல்வது பெரும்பாலும் அந்த மாணவரை இழுத்துப் பிடிக்கும் பணம். “என்னோட மார்க் அவங்களுக்கு வேணும்; அவங்க படிப்பு எனக்கு வேணும். ரெண்டு பக்கமும் தேவை இருக்கு. இதுல யாரும் கை நீட்டலை” என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் எம்.ஐ.டி.யும் முன்பெல்லாம் ஆண்டுதோறும் கூடி உட்கார்ந்து, தங்களில் பலரிடம் இடம் கிடைத்த இளங்கலை மாணவர்களுக்கு யாரும் கூடக் குறையத் தராதபடி உதவித்தொகையைப் பேசி வைத்துக்கொண்டிருந்தன. 1991இல் அமெரிக்க நீதித்துறை, இது போட்டியைக் கெடுக்கும் கூட்டுச் சேர்க்கை என்று வழக்குத் தொடுத்தது. ஐவி பல்கலைக்கழகங்கள் அந்த வழக்கத்தை நிறுத்த ஒப்புக்கொண்டன. மாணவரும் பெற்றோரும் விலையைக் கேட்டுப் பேசுவதில் தவறில்லை என்பதை எனக்கு உணர்த்தியது அந்தச் செய்திதான். கொடுப்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்றால், வாங்குகிறவள் ஒரு கடிதம் எழுதக் கூடாதா?

அமெரிக்க பார் அசோசியேஷனின் 509ஆம் விதிப்படி அதன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் வருஷம் ஒருமுறை ஒரு விவரத் தாளை வெளியிட வேண்டும். எத்தனை பேருக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, எத்தனை பேருக்குப் பாதிக்கு மேல், எத்தனை பேருக்குப் பாதிக்குக் கீழ் என்பதெல்லாம் அதில் இருக்கும். தனக்கு இடம் கொடுத்த கல்லூரிகளின் தாளை அவள் அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அங்கே முழுக் கட்டணத்தையும் கட்டிப் படிப்பவர்கள் குறைவு என்பது அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதே தாளில் நிபந்தனை உதவித்தொகை என்று ஒரு பகுதி. எத்தனை பேருக்கு அப்படிக் கொடுத்தார்கள், அதில் எத்தனை பேர் முதல் வருஷத்தோடு அதை இழந்தார்கள் என்ற கணக்கு.

எங்களுக்கு வந்த கடிதங்களில் மிகப் பெரிய தொகையைச் சொன்னது அப்படியொரு கடிதம்தான். முதல் ஆண்டில் குறிப்பிட்ட சராசரிக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்று கீழே ஒரு வரி. பள்ளிக்கூடத்திலிருந்து முதல் மாணவியாகவே வந்தவளுக்கு அது ஒரு நிபந்தனையா என்று என் கணவர் கேட்டார். சட்டக் கல்லூரியில் முதலாண்டு மதிப்பெண்ணை வளைவு போட்டுக் கொடுப்பார்கள். எத்தனை நன்றாக எழுதினாலும் ஒரு வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண், இத்தனை பேர் கீழே நின்றே ஆக வேண்டும். எல்லாருக்கும் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துவிட்டு, எல்லாராலும் காப்பாற்ற முடியாத நிபந்தனையை வைத்தால், சிலர் இழப்பது முதல் நாளே எழுதியாகிவிட்டது. இரண்டாம் வருஷம் நடுவழியில் நின்றுகொண்டு முழுக் கட்டணம் கட்டுவார்கள். இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கடிதம் எழுத உட்கார்ந்தோம். மகள் எழுதியதை நான் படித்தேன். நான் சொன்னதை அவள் திருத்தினாள். முதலில் நன்றி. பிறகு அந்தக் கல்லூரியில் அவளுக்கு ஏன் படிக்க ஆசை என்று, அங்கே நடக்கும் வாடகைதாரர் சட்ட உதவி மையத்தின் பெயரைச் சொல்லி இரண்டு வரி. பிறகு, இணையான வேறொரு கல்லூரி இவ்வளவு தந்திருக்கிறது, கடிதத்தை இணைத்திருக்கிறேன், உங்கள் முடிவை மறுபடி பார்க்க முடியுமா என்று நேரான கேள்வி. மிரட்டல் இல்லை, பொய் இல்லை. இல்லாத கடிதத்தை இருப்பதாகச் சொல்வதோ, எண்ணைக் கூட்டி எழுதுவதோ வக்கீலாகப் போகிறவள் செய்யக் கூடாது என்று அவளே சொன்னாள். ஏப்ரலில் முன்பணம் கட்ட வேண்டிய கெடு வருவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்; கட்டிய பிறகு கேட்டால் அவர்களுக்கு அவசரம் இருக்காது.

அனுப்புவதற்கு முந்தின ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார். காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. பேத்தி கல்லூரிக்குப் பணத்தைக் குறைக்கச் சொல்லி எழுதப் போகிறாள் என்று உரக்கச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டு என்றார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“நன்னாத்தான் இருக்கு, பாப்பா. கெஞ்சலை. நியாயத்தை எடுத்து வெச்சுக் கேக்கறா. அப்படிக் கேக்கலாம்.” அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உங்க அண்ணன் படிக்கறச்சே நானும் அப்படி ஒரு கடுதாசி எழுதியிருக்கலாம். உங்க அம்மா வளையல் அத்தனை வருஷம் கடையில கிடந்திருக்க வேண்டாம்.”

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கல்லூரி, எங்கள் முதல் முடிவே இறுதி முடிவு, நாங்கள் இந்தப் பேச்சில் இறங்குவதில்லை என்று மரியாதையாக எழுதியது. இன்னொன்று நிதியுதவி அலுவலகத்திலிருந்து அழைத்துப் பேசியது. தொகையை உயர்த்தினால் கட்டாயம் சேருவாயா என்று கேட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். உறுதியாகச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள் என்று நிதானமாகக் கேட்டது கீழே என் காதில் விழுந்தது. நிபந்தனை வைத்திருந்த கல்லூரியிடம் தொகையைக் கூட்டச் சொல்லாமல், நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். அவர்கள் முழுக்க எடுக்கவில்லை. நல்ல நிலையில் படிப்பைத் தொடர்ந்தாலே போதும் என்று தளர்த்தினார்கள். கடிதம் ஒன்றும் இடத்தைப் பறிக்கவில்லை. கேட்டதற்காக யாரும் முகம் சுளிக்கவும் இல்லை.

யேல், ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் வேறு வழி. அங்கே மதிப்பெண்ணுக்காகப் பணம் தருவதில்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்தே தருவார்கள். அப்படித் தேவை பார்த்துத் தருகிற கல்லூரி ஒன்றுக்கும் அவள் விண்ணப்பித்திருந்தாள். சொந்தமாகச் சம்பாதித்து வாழ்கிற பிள்ளையானாலும் பெற்றோரின் வருமானத்தைக் கேட்டார்கள். மாசா மாசம் மாயவரத்துக்கு நாங்கள் அனுப்பும் பணத்துக்கும், அம்மாவின் மருத்துவச் செலவுக்கும் அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. நம் குடும்பங்களில் சம்பளம் என்பது கடல் தாண்டி இரண்டு வீட்டுக்குப் பிரிவது. அதை ஒரு தனிக் கடிதத்தில் எழுதி, பணம் அனுப்பிய ரசீதுகளைச் சேர்த்து அனுப்பினாள். கணக்கை மறுபடி போட்டுக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். கட்டம் இல்லாததை எழுதிச் சொன்னால் படிக்க அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது தரவரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கல்லூரியை இல்லை. அந்தச் சட்ட உதவி மையம் இருந்த கல்லூரி, கட்டணத்தின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்ய முன்வந்ததும் அங்கேயே சேர்ந்தாள். கோயிலில் சிலர், பெயருள்ள இடத்தை விட்டுவிட்டாளே என்றார்கள். மஞ்சள் தாளின் கடைசி வரிசையைப் பார்த்தவர்கள் நாங்கள் மூவர் மட்டும்தான்.

இன்று அவள் நூவர்க் நீதிமன்றத்தில் வாடகைதாரர்களுக்காக நிற்கிறாள். வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தவர்கள், குளிர்காலத்தில் சூடாக்கும் இயந்திரம் ஓடாத வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்கள், ஆங்கிலம் சரியாக வராதவர்கள். இலவச சட்ட உதவி அமைப்பில் சம்பளம் குறைவு. அவளோடு படித்த சிலர் நியூ யார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் இருக்கிறார்கள். அங்கே முதலாண்டு வக்கீலின் அடிப்படைச் சம்பளமே 2,25,000 டாலர். அந்த வேலையை விரும்பிச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உன் வேலையைத்தான் செய்ய நினைத்துச் சட்டம் படிக்க வந்தேன், கடன் விடவில்லை என்று மகளிடம் சொன்னாள். பரிமாறிக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

யார் யாருக்காக வக்கீல் வாதாடுவார் என்பதை, அவர் படித்து முடிக்கும்போது தலையில் இருக்கும் கடன் தீர்மானிக்கிறது. இதை இந்த நாட்டில் சிலர் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். நியூ யார்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் பொதுச் சேவைக்கு வருபவர்களுக்கான ரூட்-டில்டன் உதவித்தொகை 1951இலேயே தொடங்கியது. அரசிலும் லாப நோக்கமற்ற அமைப்புகளிலும் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டிவிட்டால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2007இல் வந்தது. மகளும் அந்தத் திட்டத்தில்தான் தவணை கட்டிவருகிறாள். தவணை சின்னதாக இருப்பதால் பயமில்லாமல் கட்டுகிறாள்.

அலமாரி ஒழித்த வாரத்திலேயே ஒரு தோழி தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் கடிதங்கள். இப்போது நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. 2006 முதல் சட்ட மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசிடம் கடன் வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தக் கடனைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் நிறுத்துகிறது. இனி வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியார் கடன். அதற்குப் பொதுச் சேவைத் தள்ளுபடி கிடையாது. ஆகவே உதவித்தொகையில் கூடிவரும் ஒவ்வோர் ஆயிரம் டாலரும் முன்னைவிடக் கனமானது.

தோழி தயங்கித் தயங்கித்தான் பேசினாள். “கேட்டா தப்பா நினைச்சுக்கமாட்டாங்களா, அக்கா?” நான் அந்த மஞ்சள் தாளை எடுத்து அவள் மகன் கையில் கொடுத்தேன். அவன் திருத்தங்களை வெகுநேரம் பார்த்தான். அப்புறம் தன் கடிதங்களை மேசைமேல் பரப்பி, எதில் நிபந்தனை இருக்கிறது என்று தேடத் தொடங்கினான். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாசா மாசம் திருச்சிக்கு அனுப்பும் பணத்தின் கணக்கை எழுதினாள்.

ஆலோசகர் இருக்கிற பெரிய கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் வக்கீலாக இருக்கும் வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. சொல்ல ஆளில்லாத பிள்ளைகள்தான் முதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெரிய கடனோடு வெளியே வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஏழைகளுக்காக வாதாட வந்தவர்களோ! அதனால் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு, வருஷத்துக்கு ஒருநாள் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். மகள் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். 509 தாளைப் படித்து நிபந்தனையைக் கண்டுபிடிக்கும் விதத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன். சட்டம் என்றில்லை, எந்தப் படிப்புக்குக் கடிதம் வந்திருந்தாலும் கொண்டுவரலாம். கெடு நாளுக்கு முன்னால் வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள்.